போகச் சொல்பவர் திரும்பி வரவும் வழி சொல்ல வேண்டும்

வெளிநாட்டு வேலை என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் முதலில் கேட்கப்படுவது சம்பளம் எவ்வளவு என்பதுதான். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், சாப்பாடும் ஜாகையும் கம்பெனியுடையதா, ஓவர்டைம் உண்டா, லீவு எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அந்த ஊரில் கலகம் மூண்டால் கம்பெனி என்ன செய்யும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டால் கிடைத்த வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம்.

2025ஆம் ஆண்டில் நடந்தவற்றைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. அவ்வாண்டு ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் மின்பாதை வேலைக்குப் போயிருந்த ஜார்க்கண்ட் மாநிலத்தார் ஐந்து பேரை ஆயுதம் தாங்கிய கும்பல் கடத்தியது. ஜூலை 1ஆம் தேதி பக்கத்து நாடான மாலியில், காயெஸ் நகரத்துச் சிமெண்டு ஆலைக்குள் புகுந்தவர்கள் மூன்று இந்தியர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூலை 15ஆம் தேதி நைஜரின் டோஸோ பகுதியில் நடந்த தாக்குதலில் இரண்டு இந்தியர்கள் உயிரிழந்தனர், மற்றொருவர் கடத்தப்பட்டார். நவம்பரில் மறுபடியும் மாலியிலிருந்து செய்தி வந்தது. அங்கே மின்சார வேலையில் இருந்த ஐந்து இந்தியர்கள் கடத்தப்பட்டனர். இந்தத் தடவை போனவர்கள் தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இது எங்கோ நடந்த சங்கதி அல்ல. வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் ஏராளமாக இருப்பது இந்த நகரத்தில்தான். திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகளில் வந்து தாதரிலும் சி.எஸ்.எம்.டி.யிலும் இறங்கும் வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன்களில் பலர் டிரேட் டெஸ்ட் கொடுப்பதும், மெடிக்கல் முடிப்பதும், விசா வரும்வரை தாராவியிலோ செம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் காத்திருப்பதும் இங்கேதான். காண்ட்ராக்டில் கையெழுத்து விழும் இடமும் இதுவே. எனவே கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் இதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

ஆபத்தான நாட்டுக்கு ஆளை அனுப்பும் கம்பெனி அவருடைய உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு அவர் விமானம் ஏறுமுன்பே எழுத்தில் இருக்க வேண்டும். மேனேஜருக்கு ஒரு பாதுகாப்பு, மேஸ்திரிக்கு ஒரு பாதுகாப்பு என்ற பேதம் அதில் இருக்கக்கூடாது. இது தர்மம் கேட்பது ஆகாது. வேலை வாங்குகிறவர் செய்தே தீரவேண்டிய கடமை.

பெரிய கம்பெனிகளில் நடப்பது என்ன?

பாதுகாப்பு என்றவுடன் துப்பாக்கி ஏந்திய காவலர்தான் பலருக்கு ஞாபகம் வருவார். எண்ணெய்க் கம்பெனிகளும் பெரிய வங்கிகளும் தங்கள் உத்தியோகஸ்தர்களை ஆபத்தான நாடுகளுக்கு அனுப்பும்போது செய்யும் ஏற்பாடுகளில் காவலர் ஒரு சிறு பகுதியே. மீதியெல்லாம் தகவலும் ஒழுங்கும்தான்.

போகும் ஆளுக்கு முதலில் அந்த நாட்டு நிலவரம் விளக்கப்படுகிறது. எந்த மாவட்டத்துக்குப் போகலாம், எங்கே போகக்கூடாது, சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது, துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எந்த அறைக்குள் போவது, காயம் பட்டவருக்கு ரத்தம் நிற்கக் கட்டுப் போடுவது எப்படி என்று சில நாட்கள் பயிற்சியும் தருகிறார்கள். விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போகும் டிரைவர் கம்பெனி விசாரித்து அமர்த்திய ஆளாக இருப்பார். அவர் சொல்ல வேண்டிய அடையாளச் சொல் பயணிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஜாகையிலிருந்து வேலை இடத்துக்குப் போவதற்கும் திட்டம் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகக்கூடாது. புறப்படும்போது ஒரு போன், சேர்ந்ததும் ஒரு போன். குறித்த நேரத்தில் போன் வராவிட்டால் யார் யாரைக் கூப்பிடுவது என்பது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இருட்டிய பிறகு சாலைப் பயணம் கிடையாது.

கடத்தல் நடக்கக்கூடிய நாடாக இருந்தால் இன்னொரு ஏற்பாடும் செய்கிறார்கள். அந்த ஆளுக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்த சில விவரங்களை, உதாரணமாகச் சிறு வயதில் வளர்த்த நாயின் பெயர் போன்றவற்றை, எழுதி வாங்கி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். நாளைக்கு யாராவது போனில் பேரம் பேசினால், பிடிபட்டவர் உயிரோடு இருக்கிறாரா, பேசுகிறவர் கையில்தான் இருக்கிறாரா என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கடத்தலுக்கென்றே தனி இன்ஷூரன்சும் உண்டு. பேச்சுவார்த்தை நடத்தத் தேர்ந்த ஆளை அமர்த்தும் செலவு, பிடிபட்ட காலத்துச் சம்பளம் முதலியவை அதில் அடங்கும். பாலிசி இருக்கும் விஷயம் வெளியே தெரிந்தால் கும்பலுக்குப் பேராசை பிறக்கும் என்பதால் அதை ரகசியமாக வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளியேறும் திட்டம். இதைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முதல் படியில் நிலவரத்தைக் கவனிப்பது. இரண்டாவது படியில் குடும்பத்தாரையும் அவசியமில்லாத ஊழியர்களையும் அனுப்பிவிடுவது. மூன்றாவது படியில் சாதாரண விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிடுவது. எது நடந்தால் எந்தப் படி என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

2023 ஏப்ரல் 15ஆம் தேதி சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை வெடித்தது. முதல் நாளே விமான நிலையம் மூடப்பட்டது. அங்கே ஒரு கம்பெனியில் வேலையில் இருந்த இந்தியர் ஒருவர், தங்கியிருந்த வீட்டின் ஜன்னலருகே இருந்தபோது பாய்ந்து வந்த குண்டுக்குப் பலியானார். மற்றவர்கள் பாலைவனச் சாலையில் நெடுந்தூரம் பஸ்ஸில் போய்ப் போர்ட் சூடான் துறைமுகத்தைச் சேர்ந்தனர். அங்கிருந்து கடற்படைக் கப்பல்களும் விமானப்படை விமானங்களும் ஜெட்டாவுக்குக் கொண்டுவந்தன. சண்டை தொடங்கிவிட்டால் எப்படி வெளியேறுவது என்று யோசிப்பதற்கே அவகாசம் இருப்பதில்லை. முன்பே யோசித்து வைத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

பயணம் செய்யும் ஊழியர்களின் பாதுகாப்புக்காக 2021ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 31030 என்ற சர்வதேச வழிகாட்டி வெளிவந்தது. அனுப்பும் நிறுவனம் எதையெதை எடைபோட வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் அது வழிகாட்டிதான், சட்டம் ஆகாது. செய்கிற கம்பெனி செய்யும். செய்யாத கம்பெனியைக் கேட்பார் இல்லை.

கைமாறும் ஆள், கைநழுவும் பொறுப்பு

மேலே சொன்னதெல்லாம் கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு. ஆபத்தான நாடுகளில் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. பெரிய காண்ட்ராக்டர் சின்னக் காண்ட்ராக்டருக்குக் கொடுப்பார். அவர் இன்னொரு நாட்டு ஆள் சப்ளைக் கம்பெனியிடம் கேட்பார். அந்தக் கம்பெனி மும்பை ஏஜெண்டுக்கு எழுதும். மும்பை ஏஜெண்டு கிராமத்திலிருக்கும் தரகருக்குச் சொல்வார். வேலை கீழே இறங்க இறங்கச் சம்பளம் குறைகிறது. பாதுகாப்போ பாதி வழியிலேயே மறைந்துவிடுகிறது.

இதன் கொடுமை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2004ஆம் ஆண்டு உலகம் பார்த்தது. நேபாளத்து இளைஞர்கள் பன்னிரண்டு பேர் இராக்கில் அமெரிக்கப் படைத்தளம் ஒன்றுக்கு அழைத்துப் போகப்படும் வழியில் பிடிபட்டனர். ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் கொல்லப்பட்டனர். அவர்களிடம் சொல்லப்பட்டது இராக் அல்ல, ஜோர்டான் நாட்டில் ஓட்டல் வேலை என்று குடும்பத்தார் கூறினார்கள். அமெரிக்க ராணுவத்தின் பெரிய காண்ட்ராக்டருக்குக் கீழே ஜோர்டான் கம்பெனி ஒன்று, அதற்குக் கீழே ஏஜெண்டுகள் என்று சங்கிலி நீண்டிருந்தது. குடும்பத்தார் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். 2008ல் தீர்ப்பளித்த நிர்வாக நீதிபதி, ஜோர்டான் கம்பெனியும் அதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இழப்பீடு தரவேண்டும் என்றார். அமெரிக்க அரசின் காண்ட்ராக்டில் வெளிநாட்டில் வேலை செய்பவர் எந்த நாட்டவரானாலும் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்று 1941ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் இருந்ததால்தான் அது முடிந்தது. பெரிய காண்ட்ராக்டர் மீது போட்ட வழக்கோ பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் தள்ளுபடியாயிற்று.

அதே 2004 ஜூலையில் குவைத் கம்பெனி ஒன்றுக்காக இராக்கில் லாரி ஓட்டிய மூன்று இந்திய டிரைவர்கள், கென்யா, எகிப்து நாட்டு டிரைவர்கள் நால்வருடன் பிடிபட்டனர். செப்டம்பர் முதல் தேதி விடுதலையானார்கள். அவர்களுக்கு நல்ல காலம் இருந்தது. பத்து ஆண்டு கழித்து மோசூலில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு அது இல்லை. 2014 ஜூனில் அந்நகரம் ஐ.எஸ். பயங்கரவாதிகள் கையில் விழுந்தபோது நாற்பது இந்தியத் தொழிலாளர்கள் சிக்கினார்கள். ஒருவர் மட்டும் தப்பினார். மற்ற 39 பேரும் இறந்துவிட்டனர் என்று வெளிவிவகார மந்திரி சுஷ்மா ஸ்வராஜ் பார்லிமெண்டில் அறிவித்தது 2018 மார்ச் 20ஆம் தேதி. அதுவரை நாலு வருஷம் அந்தக் குடும்பங்கள் உயிருண்டா இல்லையா என்று தெரியாமல் காத்துக்கிடந்தன.

அதே சமயம் திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் மாட்டிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தார், ஒருவர் தூத்துக்குடிக்காரர். 2014 ஜூலை 5ஆம் தேதி அவர்கள் கொச்சியில் வந்திறங்கியபோது நாடே பெருமூச்சு விட்டது. இராக்கின் வேறு பகுதியான நஜஃபில் சண்டை எட்டாத இடத்தில் இருந்த நூற்றுக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களுக்கும் வெளியேற முடியவில்லை. காரணம், அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் முதலாளியின் பெட்டியில் இருந்தன.

இந்தப் பாஸ்போர்ட் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வளைகுடாவில் பழகிப்போன வழக்கம் என்று இதைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அமைதியான ஊரில் அது ஓர் அவமானம். சண்டை நடக்கும் ஊரில் அது உயிருக்கே உலை. ஆபீஸ் மேனேஜர் முதல் விமானத்தில் போய்விட்டால் அவர் மேஜையில் பூட்டியிருக்கும் பாஸ்போர்ட்டை யார் எடுத்துத் தருவது?

கம்பெனிகள் சொல்லும் சமாதானம்

கம்பெனிகளுக்கும் சொல்லச் சில வார்த்தைகள் உண்டு. அவற்றைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

யுத்தத்தையும் பயங்கரவாதத்தையும் தடுப்பது கம்பெனியின் வேலையா என்று கேட்கிறார்கள். தடுப்பது அதன் வேலை அல்லதான். ஆனால் யுத்தம் நடக்கும் இடத்துக்கு ஆளை அனுப்புவதா, எப்போது திருப்பி அழைப்பது என்ற இரண்டு முடிவும் கம்பெனியுடையவைதான்.

அந்த நாட்டு ராணுவம் காவல் நிற்கிறதே, வேறென்ன வேண்டும் என்பது இன்னொரு சமாதானம். 2013 ஜனவரி 16ஆம் தேதி அல்ஜீரியா பாலைவனத்தில் இன் அமெனாஸ் எரிவாயு நிலையத்தைப் பயங்கரவாதிகள் கைப்பற்றினர். அது நார்வேயின் ஸ்டாட்டாயில், பிரிட்டனின் பி.பி., அல்ஜீரிய அரசுக் கம்பெனி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய நிலையம். சுமார் நாற்பது பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஜப்பானியர் பத்துப் பேர். ஐந்து ஊழியரை இழந்த ஸ்டாட்டாயில் கம்பெனி விசாரணை நடத்தி, அந்த அறிக்கையை 2013 செப்டம்பரில் பகிரங்கமாக வெளியிட்டது. வெளியே ராணுவம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் உள்ளே செய்ய வேண்டிய ஏற்பாடுகள் போதாமல் விடப்பட்டன என்று அந்த அறிக்கை கூறியது. தன் குறையைத் தானே அச்சிட்டு வெளியிட்ட கம்பெனிகள் உலகில் அதிகமில்லை. அந்த மட்டில் அதைப் பாராட்டலாம்.

நைஜரில் நடந்தது இதையே வேறு விதத்தில் காட்டுகிறது. அங்கே மின்பாதை வேலைக்கு ராணுவக் காவல் இருந்தது. கலகக்காரர்களின் குறி அந்த ராணுவமே. சிப்பாய்கள் சுடப்பட்டனர், பக்கத்தில் நின்ற தொழிலாளர்கள் சிக்கினார்கள். காவலைக் கூட்டினால் ஆபத்து குறையும் இடமும் உண்டு, கூடும் இடமும் உண்டு. எந்த இடம் எது என்று தெரிந்து சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் வேலை நிற்க வேண்டும்.

ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் வண்டி ஓட்டும் முறை இதற்கு நல்ல உதாரணம். அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வராமல், டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். வண்டி இரண்டு மணி லேட்டானாலும் சரி, உள்ளே மந்திரி உட்கார்ந்திருந்தாலும் சரி. அந்த விதியை மீற எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. வெளிநாட்டு வேலை இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாதை அபாயம் என்று பாதுகாப்பு ஆள் எச்சரிப்பார். வேலை குறித்த தேதிக்குள் முடியாவிட்டால் அபராதம் கட்ட வேண்டுமே என்று பிராஜெக்ட் மேனேஜர் வண்டியை எடுக்கச் சொல்வார். 2018 மே மாதம் ஆப்கானிஸ்தானின் பக்லான் மாகாணத்தில் இந்தியக் கம்பெனி ஒன்றின் ஏழு ஊழியர்கள் மின்நிலைய வேலைக்குப் போகும் வழியில் கடத்தப்பட்டனர். போலீஸ் துணை கேட்காமல் புறப்பட்டதாக அந்நாட்டுப் போலீசார் அப்போது தெரிவித்தனர். 2019 மார்ச்சில் ஒருவர், அக்டோபரில் மூவர் என்று விடுபட்டு, கடைசி ஆள் வெளியே வர 2020 ஆயிற்று.

கோர்ட்டும் இந்த விஷயத்தில் பேசியிருக்கிறது. நார்வே அகதிகள் கவுன்சில் ஒரு லாப நோக்கமில்லாத தொண்டு நிறுவனம். 2012 ஜூன் 29ஆம் தேதி கென்யாவின் தாதாப் அகதி முகாமில் அதன் வண்டிகள் தாக்கப்பட்டு ஒரு டிரைவர் கொல்லப்பட்டார். நாலு வெளிநாட்டு ஊழியர்கள் கடத்தப்பட்டு நாலு நாளைக்குப் பிறகு மீட்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் ஆஸ்லோ மாவட்டக் கோர்ட் நிறுவனம் பெரும் அஜாக்கிரதையாக நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்து நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. அங்கே கடத்தல் ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருந்தது, குறைக்க வழியும் இருந்தது, செய்யவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். தொண்டு செய்யப் போன நிறுவனத்துக்கே இந்தச் சட்டம் என்றால், லாபத்துக்காகப் போகிற கம்பெனிக்கு எவ்வளவு பொறுப்பு இருக்க வேண்டும்?

தெரிந்துதானே போனார், கூடுதல் சம்பளத்துக்கு ஆசைப்பட்டுத்தானே போனார் என்ற பேச்சும் உண்டு. தங்கையின் கல்யாணக் கடனுக்காகப் போகிறவர் அந்நாட்டு வரைபடத்தையும் கலகக்காரர் பெயரையும் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறார்? கம்பெனிக்குத் தெரியும் ஆபத்தில் கால்பங்கு கூட அவருக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லாத ஆபத்துக்கு அவர் சம்மதித்தார் என்று வாதாடுவது சரியல்ல.

நம் சட்டத்தில் உள்ள ஓட்டை

வெளிநாடு செல்லும் தொழிலாளரைக் காக்க 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை இருக்கும். குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்களுடைய காண்ட்ராக்டைக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி பார்த்து அனுமதி தர வேண்டும். வளைகுடா நாடுகள், இராக், ஏமன், சூடான், லிபியா, ஆப்கானிஸ்தான் முதலியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. மாலியும் நைஜரும் அதில் இடம்பெறவில்லை. பட்டியல் தயாரானபோது நம்மவர் அங்கே கூட்டமாகப் போகவில்லை. இப்போது போகிறார்கள்.

பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனையே கிடையாது. மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் எண்ணம். சம்பள மோசடி, ஏஜெண்டின் பொய் இவற்றிலிருந்து படிப்பு ஓரளவு காப்பாற்றலாம். கடத்துகிறவன் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டைக் கேட்டுவிட்டா கடத்துகிறான்? மின்கோபுர வேலைக்குப் போகும் ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் எல்லோரும் இந்த ஓட்டை வழியாகத்தான் போகிறார்கள்.

அனுமதி முத்திரை உள்ளவர்களுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டு. 275 ரூபாய் கட்டினால் இரண்டு வருஷத்துக்கும், 375 ரூபாய் கட்டினால் மூன்று வருஷத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பு. நல்ல திட்டம்தான். ஆனால் இன்ஷூரன்ஸ் ஆள் போன பிறகு குடும்பத்துக்கு வருவது. போகாமல் காப்பது வேறு.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1995ல் செய்த திருத்தம், இந்தியாவில் பதிவான கம்பெனி வெளிநாட்டு வேலைக்கு எடுத்த ஆளுக்கும் இழப்பீடு உண்டு என்றது. அந்தச் சட்டத்தை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். கடல் தாண்டினாலும் முதலாளியின் பொறுப்பு போய்விடாது என்ற கொள்கை நம் சட்டத்துக்குப் புதிதல்ல என்பதற்கு இதுவே சாட்சி. 1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை மத்திய அரசு 2025ல் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. பழைய ஓட்டைகளை அடைக்க இதுவே தருணம்.

ஆபத்து வந்தபின் மீட்பதில் நம் அரசைக் குறை சொல்வதற்கில்லை. 1990ல் குவைத்தை இராக் பிடித்தபோது அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா 488 தடவை பறந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்ததைச் சாந்தாகுரூஸ், அந்தேரிப் பகுதிகளில் நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லிபியா, ஏமன், சூடான் என்று அந்தப் பணி தொடர்ந்தது. ஆனால் கப்பலும் விமானமும் அனுப்பும் செலவு மக்கள் பணம். ஆளை அனுப்பி லாபம் பார்த்த கம்பெனி அந்தச் செலவில் ஒரு பங்காவது ஏற்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

ஆபத்து நாடுகளின் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது அன்றைய நிலவரப்படி திருத்த வேண்டும். அந்த நாடுகளுக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளருக்கும், பத்தாவது தேறியவரானாலும் பட்டதாரியானாலும், கம்பெனியின் பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இருந்தால்தான் அனுமதி என்று விதிக்க வேண்டும். அத்திட்டம் அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் கையில் இருக்க வேண்டும்.

எத்தனை கை மாறினாலும் மேலே உள்ள பெரிய காண்ட்ராக்டரே கடைசி ஆளுக்கும் பொறுப்பு என்று ஆக்க வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளில் பல மின்திட்டங்கள் இந்திய எக்ஸிம் வங்கி வழியாக நம் அரசு கொடுக்கும் கடனில் நடக்கின்றன. பணம் நம்முடையது, வேலை எடுப்பது நம் கம்பெனி, போகிறவர் நம் ஆள். இந்த நிபந்தனையை அந்தக் கடன் பத்திரத்திலேயே எழுதுவதை எவரும் தடுக்க முடியாது. பாதுகாப்புச் செலவு டெண்டரிலேயே தனி அயிட்டமாக இருந்தால், குறைந்த ரேட்டுப் போட்டியில் முதலில் வெட்டப்படுவது தொழிலாளியின் பாதுகாப்பு என்ற நிலைமையும் மாறும்.

கடத்தப்பட்டவரின் சம்பளம் அவர் திரும்பும் வரை வீட்டுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து குடும்பத்தாரிடம் பேச ஒரே அதிகாரி, அவர்கள் மொழி தெரிந்தவராக நியமிக்கப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு அற்பம். இல்லாததால் குடும்பங்கள் படும் பாடு பெரிது.

இதெல்லாம் சட்டமாகும்வரை போகிறவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுமுன் ஏஜெண்டிடம் ஆறு கேள்விகளைக் கேட்கலாம். வேலை எந்த ஊரில், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? காண்ட்ராக்டில் கம்பெனி பெயர் யாருடையது, அங்கே சம்பளம் தருவது யார்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? கலகம் வந்தால் எங்கே தங்குவது, எந்த வழியாக வெளியேறுவது, டிக்கெட் பணம் யாருடையது? இன்ஷூரன்ஸ் பாலிசியில் யுத்தம், பயங்கரவாதம் விலக்கு என்று எழுதியிருக்கிறதா? சாதாரண விபத்துப் பாலிசிகள் பலவற்றில் அப்படி எழுதியிருக்கும். ஆபத்து என்று பயந்து வேலையை விட்டுத் திரும்பினால் அபராதம் உண்டா?

பதில் சொல்லத் தயங்கும் ஏஜெண்டைப் பற்றி ஒரு தடவைக்கு இரு தடவை யோசிப்பது நல்லது. போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், விசா, காண்ட்ராக்ட் மூன்றின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் குறைவில்லை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அதே மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாடு போகிறவர்களின் காண்ட்ராக்டைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீலையும், அந்த நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரையும் உட்கார வைக்கலாம். அதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். கையெழுத்துப் போடுமுன் அந்த மேஜைக்கு வந்துபோகும் பையன்களில் ஒருவராவது போகாமல் இருந்து பிழைத்தால், அல்லது சரியான காண்ட்ராக்டோடு போய்த் திரும்பினால், அந்தச் சங்கம் நடத்தியதற்கு அர்த்தம் உண்டு.